வெளிச்சத்துக்கும் உண்டு பேலன்ஸ் ஷீட்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கல்யாண போட்டோ மாட்டியிருக்கிறது. 2001இல் என் சித்தப்பா கல்யாணத்தில் எடுத்தது. மாப்பிள்ளை, பெண், நடுவில் அப்பத்தா. மூன்று பேர் முகமும் பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழுந்த மாதிரி பளீர். பின்னால்...? ஒன்றுமே இல்லை. கும்மிருட்டு.

வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால், "கல்யாணத்தை எதுக்குங்க குகையில வெச்சீங்க?" என்று கேட்பார். சத்தியமாகக் குகை இல்லை ஸார். வீரசோழனில், எங்கள் வீட்டு வாசலில், தெருவை அடைத்துப் போட்ட பந்தல். ராத்திரி ரிசப்ஷன். வரிசையாக ட்யூப் லைட். ஊரே திரண்டு வந்திருந்தது. பந்தியில் பாயசம் இரண்டு தடவை தீர்ந்து போய், மூன்றாம் தடவை காய்ச்சினார்கள். எனக்கு அப்போது பதினோரு வயசு. பாயசம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிரிண்ட் வந்ததும் அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தது. அப்புறம் தன் முகத்தின் மேல் விரலை வைத்து, "இது யாருடா, நடுவுல ஒரு தொரசாணி?" என்றது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கம் வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால் வெயில் என்றால் என்ன என்று தெரிந்திருக்கும். கண்ணுக்கு எட்டின தூரம் சீமைக் கருவேலம். மழை பெய்தால் கண்மாய், பெய்யாவிட்டால் கிரிக்கெட் மைதானம். இந்த வெயிலில் அறுபது வருஷம் மிளகாய் பறித்த மனுஷிக்கு இங்கிலீஷ்காரி கலர் வரவேண்டும் என்றால் அது பவுடரால் ஆகாது. ஃப்ளாஷால்தான் ஆகும்.

அந்த இருட்டின் வலது மூலையில், கொஞ்சம் உற்றுப் பார்த்தால், புகை மாதிரி ஒரு சாம்பல் திட்டு இருக்கும். பிரிண்டில் ஏதோ கோளாறு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

நான் பி.காம். படித்தவன். (பாஸ் பண்ணினேனா என்று கேட்காதீர்கள். பண்ணினேன்.) கல்லூரி லீவில் பொழுது போகாமல், அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டூடியோ அண்ணனிடம் எடுபிடியாகப் போய் உட்காருவேன். அதற்குள் பிலிம் போய் டிஜிட்டல் வந்துவிட்டது. அண்ணன் பாஸ்போர்ட் சைஸ் படங்களில் கழுத்துக்குக் கீழே கோட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பேச்சுவாக்கில் அந்தக் குகைக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். அண்ணன் கை நின்றுவிட்டது.

"தம்பி, அந்த ஓரத்துல ஒரு சாம்பல் திட்டு இருக்குல்ல...?"

"ஆமாண்ணே. பிரிண்ட் மிஸ்டேக்குதானே?"

"இல்லப்பா. அது உங்க தாத்தா வேட்டி."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

தாத்தா எந்த விசேஷத்திலும் முன்னால் வந்து நிற்க மாட்டார். "முன்னாடி வாங்க மாமா" என்று யார் கூப்பிட்டாலும், இருங்க வர்றேன் என்று கையை ஆட்டிவிட்டுப் பந்தல் கடைசியில், பந்தி நடக்கும் இடத்துக்குப் போய்விடுவார். எந்த இலையில் என்ன இல்லை என்பதுதான் அவர் கவலை. மறு வருஷம் சித்திரையில் போய்ச் சேர்ந்தார். அவருக்கு என்று வேறு போட்டோ கிடையாது. வாக்காளர் அட்டையில் ஒன்று உண்டு. அந்தப் படத்தில் இருப்பது தாத்தாவா, பக்கத்து வீட்டுக்காரரா என்று கோர்ட்டில்தான் தீர்க்க வேண்டும். நெற்றிக்குக் காசு வைத்துக் கும்பிட்ட அன்றைக்கு, அந்த அட்டைப் படத்தைத்தான் பெரிசு பண்ணி மாலை போட்டோம்.

இருபது அடி முப்பது அடி தள்ளி நின்றதற்காக ஒரு மனுஷன் காணாமல் போய்விட முடியுமா? முடியும். அண்ணன் ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார்.

*

ஃப்ளாஷ் வெளிச்சம் ஒரு விசித்திரமான வட்டிக்கடை. தூரம் இரண்டு மடங்கு ஆனால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. அப்பத்தா நின்றது காமிராவிலிருந்து எட்டு அடியில். தாத்தா நின்றது நாற்பது அடியில். ஐந்து மடங்கு தூரம். ஆகவே தாத்தாவுக்குக் கிடைத்தது இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதில் வெள்ளை வேட்டி மட்டும் லேசாகத் தப்பிப் பிழைத்தது. கரிசல் காட்டு நிறத்தில் இருந்த முகம் மூழ்கிவிட்டது.

"சரிண்ணே, பந்தல்ல அத்தனை ட்யூப் லைட்டு எரிஞ்சுதே, அது என்ன ஆச்சு?"

இந்த இடத்தில்தான் என் பி.காம். உபயோகப்பட்டது.

ஒரு படத்துக்கு இரண்டு வரவு. ஒன்று, அங்கே ஏற்கெனவே இருக்கிற வெளிச்சம்: வெயில், பல்பு, ட்யூப் லைட். அது சொந்த முதல். இன்னொன்று ஃப்ளாஷ். அது கடன். ஃப்ளாஷ் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிதான் எரியும். ஷட்டர் அறுபதில் ஒரு விநாடி திறந்திருந்தாலும் சரி, பதினைந்தில் ஒரு விநாடி திறந்திருந்தாலும் சரி, அதற்குக் கவலை இல்லை. வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் ட்யூப் லைட் அப்படியல்ல. கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு நேரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

ஆக, சூத்திரம் ரொம்ப சிம்பிள். லென்ஸின் துவாரம் இரண்டு வெளிச்சத்தையும் கட்டுப்படுத்தும். ஷட்டர் வேகம் இருக்கிற வெளிச்சத்தை மட்டும் கட்டுப்படுத்தும். இரண்டையும் தனித்தனியாகத் திருகலாம். இது தெரிந்தவன் போட்டோகிராபர். தெரியாதவன் குகைக் கல்யாண ஸ்பெஷலிஸ்ட்.

அன்றைக்கு அண்ணன் வைத்தது 100 வேகப் பிலிம், எஃப் 8, ஷட்டர் 1/60. அந்தக் காலத்து பென்டாக்ஸ் கே 1000 மாதிரி காமிராக்களில் ஃப்ளாஷுக்கு 1/60தான் உச்சவரம்பு. அதற்கு மேல் வேகம் வைத்தால் திரை முழுசாகத் திறக்கும் முன்பே மூட ஆரம்பித்துவிடும், பாதிப் படம் கறுப்பாகிவிடும். எல்லாரும் பயந்துகொண்டு 1/60லேயே கோந்து போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். அந்த செட்டிங்கில் பந்தல் ட்யூப் லைட் கொடுத்த வெளிச்சம், வேண்டியதில் நூற்றிருபத்தெட்டில் ஒரு பங்கு! மிச்சம் அத்தனையும் கடன். அப்புறம் பின்னணி இருட்டாகாமல் என்ன செய்யும்?

"இப்பன்னா என்ன பண்ணுவீங்கண்ணே?"

"400 பிலிம் போட்டிருந்தா நாலு மடங்கு வந்திருக்கும். எஃப் 4க்குத் திறந்திருந்தா இன்னொரு நாலு மடங்கு. ஷட்டரை 1/15க்கு எறக்கியிருந்தா இன்னும் ஒரு நாலு மடங்கு. நாலு நாலு பதினாறு, பதினாறு நாலு அறுபத்தி நாலு. நூத்தி இருபத்தெட்டுல ஒண்ணு, ரெண்டுல ஒண்ணா ஆயிருக்கும். பந்தல் கடைசி வரைக்கும் மூஞ்சி தெரிஞ்சிருக்கும். ஃப்ளாஷும் பதினாறுல ஒரு பங்கு போதும். பேட்டரியும் மிச்சம்."

"1/15ல கை ஆடாதா?"

"பந்தக் காலுல சாஞ்சுக்கிட்டு எடுக்கணும். முன்னால நிக்கிறவுகளை ஃப்ளாஷு அப்படியே புடிச்சு நிறுத்திரும்."

அண்ணன் பில் புத்தகத்தை மூடி வைத்தார். "அன்னிக்கி எனக்குத் தெரியாது தம்பி. தப்பு என்னோடதுதான்" என்றார். பத்து வருஷம் கழித்து ஒரு பொடியனிடம் இப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. சொன்னார்.

*

எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே வந்துவிடும் திருச்சுழியில்தான் 1879இல் ரமண மகரிஷி பிறந்தார். அவர் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் சமாதியான சமயத்தில் அங்கே இருந்தவர், பிரெஞ்சுப் புகைப்பட மேதை ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன். அந்த ராத்திரி வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் மெதுவாக நகர்ந்ததைத் தானும் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். இந்த மனுஷருக்கு ஃப்ளாஷ் என்றாலே ஆகாது. இருக்கிற வெளிச்சத்துக்குச் செய்கிற மரியாதைக் குறைவு என்பது அவர் கட்சி.

நம் ஆட்களிலும் அந்தக் கட்சி உண்டு. 'மூன்றாம் பிறை'க்காக 1982க்கான தேசிய விருது வாங்கிய பாலு மகேந்திரா, ஜன்னல் வெளிச்சத்தை நம்பியே காலம் தள்ளியவர். 'நாயகன்' படத்துக்கு 1987க்கான தேசிய விருது வாங்கிய பி.சி. ஸ்ரீராம், இருட்டையும் ஒரு பாத்திரமாக நடிக்க வைத்தவர்.

எல்லாம் சரி. ஆனால் கார்த்தியே பிரெஸ்ஸோன் வீரசோழனில் ஒரு விடிகாலை முகூர்த்தத்துக்கு ஆர்டர் எடுத்து, 'வெளிச்சம் பத்தலை, அதனால் தாலி கட்டுவதை எடுக்கவில்லை' என்று பெண்ணின் அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். நம் ஊர் போட்டோகிராபருக்கு ஃப்ளாஷ் கொள்கை இல்லை, பிழைப்பு. கடனே வாங்காதே என்று உபதேசிப்பது சுலபம். எவ்வளவு வாங்கினால் தாங்கும் என்று கணக்குப் போடுவதுதான் கஷ்டம். அதற்குத்தான் ஒரு ஆடிட்டர் வேண்டும்.

அந்த ஆடிட்டர் பெயர் லைட் மீட்டர்.

*

'கண்ணு இருக்கும்போது மீட்டர் எதுக்கு?' என்று கேட்பீர்கள். கண்ணை நம்பாதீர்கள். உச்சி வெயிலில் சந்தையில் இருக்கிற வெளிச்சம், ராத்திரிப் பந்தல் வெளிச்சத்தைப் போலச் சுமார் ஆயிரம் மடங்கு. உங்களுக்கு ஆயிரம் மடங்கு மாதிரியா தெரிகிறது? பாப்பா சுருங்கி விரிந்து, மூளை சமாளித்து, 'இங்கே கொஞ்சம் வெயில், அங்கே கொஞ்சம் மங்கல்' என்று பசப்பிவிடும். கண் ஒரு நல்ல மருமகள். வீட்டில் நடக்கிறதை வெளியே காட்டிக்கொள்ளாது.

காமிராவுக்குள்ளேயே ஒரு மீட்டர் இருக்கிறதே? இருக்கிறது. அது எதிரே இருப்பதிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கிறது. உலகத்தில் எல்லாமே சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்பது அதன் சித்தாந்தம். வெள்ளை வேட்டிக் கூட்டத்தைக் காட்டினால், 'ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி' என்று குறைத்து வேட்டியை அழுக்காக்கும். கறுத்த முகத்தைக் கிட்டத்தில் காட்டினால், 'வெளிச்சம் பத்தலை' என்று கூட்டி வெளுக்கடிக்கும். அதன் மேல் முழுப் பழியும் போட முடியாது. கலர் பிலிம் காலத்தில் கோடக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பிய மாதிரிப் படங்களில் ரொம்ப காலம் வெள்ளைக்காரப் பெண்கள்தான். 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பேர். அந்தப் பெண் முகம் சரியாக வந்தால் கலர் சரி. அப்பத்தாவைக் கேட்டு யாரும் பிலிம் செய்யவில்லை.

கையில் பிடிக்கிற லைட் மீட்டர் வேறு சாதி. அதன் தலையில் பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டி ஒட்டிய மாதிரி ஒரு வெள்ளை அரைக்கோளம். 1940 வாக்கில் டான் நார்வுட் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த யோசனை. அதை முகத்துக்குப் பக்கத்தில், காமிராவைப் பார்க்கிற மாதிரி பிடித்து அமுக்க வேண்டும். அது ஆளைப் பார்க்காது. ஆள் மேல் விழும் வெளிச்சத்தை மட்டும் பார்க்கும். மாப்பிள்ளை சிவப்பா, மாமனார் கறுப்பா, அதைப் பற்றி அதற்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. நம் ஊரில் இப்படி ஒரு ஜென்மத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அண்ணனின் கண்ணாடி அலமாரியில் அவருடைய குரு கொடுத்த பழைய மீட்டர் ஒன்று உண்டு. செலினியம் வில்லை வைத்தது. பேட்டரியே வேண்டாம், வெளிச்சம் பட்டால் முள் ஆடும். ஆனால் ஃப்ளாஷை அளக்காது. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துபோகிற சமாசாரத்தைப் பிடிக்க ஃப்ளாஷ் மீட்டர் என்று தனியாக வேண்டும். மதுரையில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, இரண்டு மாசச் சேமிப்பைப் போட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு செகானிக் வாங்கினேன். வீட்டில், "சுகர் பார்க்கிற மெஷினா?" என்று கேட்டார்கள்.

உபயோகிக்கும் முறை இதுதான். முதலில் ஃப்ளாஷ் இல்லாமல் அளக்க வேண்டும். அது சொந்த முதல். பந்தலில் ஐ.எஸ்.ஓ. 800, ஷட்டர் 1/30 என்று வைத்தால், மீட்டர் எஃப் 2.8 என்று காட்டுகிறது என்று வையுங்கள். நான் லென்ஸை எஃப் 4இல் வைப்பேன். இப்போது பின்னணி ஒரு படி மட்டும் மங்கல். இருட்டில்லை, மங்கல். ராத்திரி ராத்திரியாகத் தெரிய வேண்டாமா? அடுத்து ஃப்ளாஷை அடித்து, பெண் மாப்பிள்ளை முகத்துக்கு நேராக மீட்டரைப் பிடித்து, எஃப் 4 காட்டும்வரை ஃப்ளாஷைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான். முகம் சரி, பந்தல் சரி, கணக்கு டேலி. விலை கூடின சில மீட்டர்கள், மொத்த வெளிச்சத்தில் ஃப்ளாஷ் எத்தனை சதவீதம் என்றே சொல்லிவிடும். பி.காம். படித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பகலிலும் இதே கணக்குதான், தலைகீழாக. உச்சி வெயிலில் கண் இரண்டும் குழியாக இருண்டு கிடக்கும். வெயிலுக்கு எஃப் 16 என்று மீட்டர் சொன்னால், ஃப்ளாஷை எஃப் 8 அளவுக்கு வைத்துத் தடவிக் கொடுத்தால் போதும். ஃப்ளாஷ் போட்டதே தெரியக் கூடாது. கைமாற்று வாங்கினது வீட்டுக்குத் தெரியாத மாதிரி.

இன்னொரு வித்தை. ஃப்ளாஷை முகத்தில் அடிக்காமல் பந்தல் வெள்ளைத் துணியைப் பார்த்துத் திருப்பினால், வெளிச்சம் பூ மாதிரி இறங்கும். 1956இல் சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்காக, ஸ்டூடியோவுக்குள் போட்ட காசி வீட்டு முற்றத்தில், மேலே வெள்ளைத் துணி கட்டி அதில் விளக்கை எதிரொலிக்க வைத்தார் சுப்ரதா மித்ரா. உலகமே வியந்த சமாசாரம். நம் பந்தல்காரர் தினமும் இலவசமாகக் கட்டிக் கொடுக்கிறார். நாம்தான் அண்ணாந்து பார்ப்பதில்லை.

'மீட்டருக்கு எங்கே போவது?' என்கிறவர்களுக்கு: காமிராவை மேனுவலில் வைத்து, முதலில் பின்னணி ஒரு படி மங்கலாக வரும்படி ஷட்டரைச் சரிபண்ணிக்கொள்ளுங்கள். அப்புறம் ஃப்ளாஷைக் குறைச்சலாகப் போட்டு ஸ்க்ரீனில் பாருங்கள். இரண்டு மூன்று முயற்சியில் வந்துவிடும். என்ன, அதற்குள் தாலி கட்டி முடித்துவிடுவார்கள்.

*

2022இல் வீரசோழனில் என் சிநேகிதன் ஒருவனுக்கு நிக்காஹ். அவன் அத்தா ஆட்டு வியாபாரி. எங்கள் ஊர் வாரச் சந்தையில் ஆட்டின் முதுகில் கை வைத்தே எடை சொல்லிவிடுவார். (மனித லைட் மீட்டர்.) ராத்திரி விருந்து. மேடைக்கு வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார்.

"நீங்க எடுங்க மாப்ளே. நான் இந்தா, பிரியாணிச் சட்டிக்கிட்ட நிக்கிறேன். பந்தியைப் பார்க்கணும்ல."

எனக்குச் சுருக்கென்றது. இதே வசனம், வேறு வேட்டி.

மீட்டரை எடுத்துக்கொண்டு நேராகப் பிரியாணிச் சட்டிக்குப் போனேன். அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து அமுக்கினேன். "காய்ச்சலா பார்க்குறீங்க?" என்றார். அங்கே இருந்த வெளிச்சத்துக்கு ஷட்டரை வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் மேடைப் பக்கம் வந்து, மாப்பிள்ளைக்கு ஃப்ளாஷை அதற்குத் தக்கபடி குறைத்தேன். வழக்கமாக எல்லாரும் செய்வதற்கு நேர் எதிர். பின்னால் நிற்கிறவருக்கு முதல் கணக்கு, முன்னால் நிற்கிறவருக்கு மிச்சம்.

படம் வந்தது. முன்னால் மாப்பிள்ளை மாலையும் சிரிப்புமாக. பின்னால் பந்தல், பந்தி வரிசை, கடைசியில் ஒரு ஓரமாக, தோளில் துண்டும் கையில் அகப்பையுமாக அத்தா. முகம் தெரிகிறது. அவருடைய நிறத்திலேயே தெரிகிறது.

பிரிண்டைக் கொண்டு போய்க் கொடுத்தபோது ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் அவ்வளவு தூரத்துல நின்னேனே... என்னைய எப்படிப் புடிச்சீங்க?"

"உங்க மேல வெளிச்சம் இருந்துச்சு மாமா. காமிராவுக்குத்தான் அது தெரியலை. நான் சொன்னேன், அவ்வளவுதான்."

ஸ்டூடியோ அண்ணனிடமும் ஒரு பிரிண்டைக் காட்டினேன். அவர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நேராக வலது ஓரத்துக்குத்தான் கண் போயிற்று. தலையை மட்டும் ஆட்டினார்.

எங்கள் கூடத்தில் அந்தக் குகைக் கல்யாணப் படம் இன்னும் தொங்குகிறது. மாற்றவில்லை. யாராவது, "என்ன ஸார், ஓரத்துல கறை மாதிரி..." என்று ஆரம்பித்தால், கிட்டே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். "கறை இல்லீங்க. எங்க தாத்தா. பந்தியைப் பார்த்துக்கிட்டு இருக்காரு."

உங்கள் வீட்டில் இந்த ஆவணியில் கல்யாணமா? போட்டோகிராபருக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பந்தல் கடைசியில் நிற்கிறவர் பேரும் பத்திரிகையில் போட்டிருக்கிறது. பெரும்பாலும் அவர்தான் பணம் கொடுக்கப் போகிறார்.